கண்டக்டரக்காவின் எட்டுக்கால் பயணிகள்

அந்த ஆய்வுக்கூடத்தில் அவளுக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு என்பதே பாதிப்பேருக்குத் தெரியாது. கண்டக்டரக்கா என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள். பாதி ஆயுளை டவுன் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தே கழித்தவள். இடுப்பெலும்பு முறிந்து, நிற்கிற வேலை இனி ஆகாது என்று டாக்டர் கையை விரித்த பிறகுதான் இந்த நாற்காலிக்கு வந்து சேர்ந்தாள். வேலை மாறியதே தவிர வாய் மாறவில்லை. மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தாளோ இல்லையோ, ஆரம்பித்துவிடுவாள்.

"முன்னாடி போங்க... யார்கிட்ட சொல்றேன்? நடுவுல அவ்வளவு எடம் கெடக்கு, எல்லாரும் படிக்கட்டுலயே தொங்குனா எப்படி?"

யாரிடம் இந்த அதட்டல் என்கிறீர்களா? கண்ணாடித் தட்டில், பாசித் துணுக்கின் ஓரத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கும் நீர்க்கரடிகளிடம்தான்.

நீர்க்கரடி என்றதும் மிருகக்காட்சிச் சாலைக்குப் போய்விடாதீர்கள். செய்தித்தாளில் வாக்கியம் முடிகிற இடத்தில் ஒரு புள்ளி இருக்கிறதே, அதைவிடப் பெரிதாக வளர்வது அபூர்வம். வெறும் கண்ணுக்குத் தூசு. மைக்ராஸ்கோப்பில் வைத்தால், அடேயப்பா! கொழுகொழுவென்று ஒரு உடம்பு, குட்டைக் குட்டையாக எட்டுக் கால், கால்தோறும் நகம். முன்னால் இருக்கும் ஆறு கால் நடக்க. பின்னால் இருக்கும் இரண்டும் எதிர்ப்பக்கம் திரும்பி நின்று, கிடைத்ததைக் கவ்விப் பிடித்துக்கொள்ள. "கடைசி சீட்டுல ஒக்காந்து பின்கண்ணாடி வழியா வேடிக்கை பாக்குற ஆளுங்க, இந்தக் கடைசிக் கால் ரெண்டும்" என்பாள் அவள். வழுவழுப்பான தரையில் அவற்றுக்கு நடக்க வராது. கால் பாவாமல் தண்ணீரில் உதைத்துக்கொண்டு கிடக்கும். அதனால் தட்டின் அடியை உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்துச் சொரசொரப்பாக்கித் தருவார்கள். இந்த ஒரு வேலையை அவள் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. ஓடுகிற பஸ்ஸில் காலூன்றி நின்றவளுக்குத் தெரியாதா அந்த அருமை?

அவளை அங்கே கொண்டுவந்து சேர்த்தது ஒரு சண்டை. ஆய்வுக்கூடத்தை நடத்துகிற மேடம் தினமும் அவளுடைய பஸ்ஸில்தான் போய்வருவார். ஒருநாள் பக்கத்து சீட்டில் ஒரு பையை வைத்தார். பை ஒழுகி, சீட்டெல்லாம் ஈரம்.

"என்னம்மா இது, மீனா?" என்று பாய்ந்தாள் கண்டக்டர்.

"மீன் இல்லைங்க, பாசி."

"பாசியா? ஊரே அதை வழிச்சு எறியுது, நீங்க பையில கட்டி சீட்டு போட்டு ஒக்கார வச்சிருக்கீங்க! அதுக்கும் ஒரு டிக்கெட் கிழிக்கட்டுமா?"

பஸ்ஸே சிரித்தது. மேடமும் சிரித்துவிட்டார். அதிலிருந்து அவர் ஏறும்போதெல்லாம் "இன்னிக்கு ஒழுகுதா?" என்று கேட்பது இவள் வழக்கமாகிப்போயிற்று. அந்தச் சிரிப்பை மேடம் மறக்கவில்லை. இவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தேடிக்கொண்டு வந்து, கட்டிலருகில் உட்கார்ந்து, "உட்கார்ந்தே செய்யற வேலை ஒண்ணு எங்ககிட்ட இருக்கு. நல்ல கண்ணும் நெறைய பொறுமையும் வேணும். கூட்டத்துல யார் டிக்கெட் எடுக்கலைன்னு கண்டுபிடிக்கிற கண்ணு உங்களுது, வர்றீங்களா?" என்று கேட்டார். இனி யாருக்கும் எதற்கும் உதவாமல் ஒரு மூலையில் கிடக்கப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அந்த நன்றியை அவள் வாயால் சொன்னதைவிட வேலையில் காட்டியதுதான் அதிகம். அவள் பார்த்துவிட்டு வைத்த தட்டில் இன்னொருவர் தேடி ஒரு நீர்க்கரடியைக் கண்டெடுக்க முடியாது.

விழுந்த கதையையும் சொல்லிவிட வேண்டும். அது இல்லாமல் மற்றது விளங்காது.

அந்த பஸ்ஸை ஓட்டியவர் வேறு யாரும் இல்லை, அவள் கணவர். புருஷன் டிரைவர், பெண்டாட்டி கண்டக்டர், ஒரே வண்டி. வீட்டிலும் அவர் அவளைக் "கண்டக்டர்" என்றுதான் கூப்பிடுவார். "கண்டக்டர், டீ உண்டா?" என்பார். "டிரைவர் கை கழுவுனா உண்டு" என்பாள். அப்படி ஒரு குடும்பம். மழை பெய்து ஓய்ந்திருந்த ஒரு காலை நேரம், சந்திலிருந்து ஒரு சைக்கிள் விருட்டென்று குறுக்கே வந்தது. அவர் பிரேக்கை மிதித்தார். சைக்கிள்காரர் மயிரிழையில் தப்பினார். பின்படிக்கட்டுப் பக்கம் கம்பியை விட்டுவிட்டு டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தவள் தப்பவில்லை.

அதோடு அவர் ஸ்டீயரிங்கைத் தொடுவதை விட்டுவிட்டார். எழுதிக்கொடுத்து டிப்போவுக்குள்ளேயே ஒரு வேலைக்கு மாறிக்கொண்டார். டயருக்குக் காற்றுப் பார்ப்பது, வண்டி கழுவுகிறவர்களைப் பார்த்துக்கொள்வது. "கண்டக்டர்" என்று கூப்பிடுவதையும் விட்டுவிட்டார். வேறு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல், எதிரில் வந்து நின்று தொண்டையைக் கனைப்பார். அவள் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. ஊரே அதை மெச்சியது. எனக்கென்னவோ அதுதான் அங்கே நடந்த பெரிய தப்பு என்று தோன்றும். குறை சொல்லியிருந்தால் மனுஷன் பதிலாவது சொல்லியிருப்பார். இது எதுவுமில்லாமல் இரண்டு பேரும் ஒரே வீட்டில் மரியாதையாக நடமாடிக்கொண்டிருந்தார்கள். அவள் மனசின் ஒரு மூலையில் கோபம் இல்லையா என்றால், இருந்தது. பொய் சொல்வானேன்? கொஞ்சம் மெதுவாக மிதித்திருக்கக் கூடாதா என்று இடுப்பு வலிக்கும்போதெல்லாம் தோன்றும். வாயில்தான் வராது.

ஆனால் அவர் பாசி கொண்டுவந்தார்.

அவள் வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே ஆரம்பித்தது. ஒரு சாயங்காலம் சாப்பாட்டு டப்பாவின் மூடியில், ரூபாய் அகலத்துக்கு ஒரு பச்சைத் துண்டை வைத்து மேஜையில் நகர்த்தினார். "டிப்போ சுவத்துல இருந்துச்சு. ஒதவுமான்னு பாரு." அவ்வளவுதான், போய்விட்டார். அடுத்த வாரம் தண்ணீர்த் தொட்டியடியிலிருந்து ஒன்று. அப்புறம் ஒரு மரத்தின் வடபக்கத்திலிருந்து. பிளாஸ்டிக் பையில் வைத்தால் பூஞ்சை பிடித்துவிடும், காகித உறையில் வைத்து நிழலில் மெள்ளக் காயவிட வேண்டும் என்று அவள் ஒரே ஒரு முறைதான் சொன்னாள். அதற்குப் பிறகு ஒரு நாளும் அவர் உறை இல்லாமல் கொண்டுவந்ததில்லை.

மெள்ளக் காய வேண்டும் என்பதில்தான் இந்தப் பிராணியின் சூட்சுமமே இருக்கிறது. பாசி காயக் காய நீர்க்கரடி காலை எல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு, உடம்புத் தண்ணீரையெல்லாம் விட்டுவிட்டு, ஒரு குட்டிப் பீப்பாய் ஆகிவிடும். சாப்பாடு இல்லை, அசைவு இல்லை. வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் காத்திருந்தால் உப்பிக்கொண்டு, ஒவ்வொரு காலாக வெளியே விட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி நடக்கத் தொடங்கும். ஆனால் தடாலென்று காயவைத்தால் பீப்பாய் ஆக நேரமிருக்காது, செத்துப்போகும். சாகாவரம் பெற்ற பிராணி என்று யாராவது வந்து அளந்தால் அவளுக்குப் பொல்லாத கோபம் வரும். "சாகாவரமும் இல்ல, ஒண்ணும் இல்ல. நடமாடிட்டு இருக்கும்போது சுடுதண்ணி ஊத்துனா அதுவும் சாகும், நீங்களும் சாவீங்க. கடல்ல இருக்கிறதுல முக்காவாசிக்கு இந்தக் காயற வித்தையே தெரியாதாம்" என்று ஒரு பிடி பிடித்துவிடுவாள்.

எத்தனை வகை தெரியுமா? கடலடி மணலில், பனிமலை உச்சியில், உதிர்ந்த இலைக்கு அடியில், உங்கள் வீட்டு மொட்டைமாடி ஓரத்தில். ஆயிரத்துக்கு மேல் பெயர் வைத்தாகிவிட்டது, இன்னும் வந்துகொண்டே இருக்கிறது. கணவர் கொண்டுவந்த துண்டுகளிலேயே அவள் ஒரு கூட்டத்தைப் பார்த்துவிட்டாள். முதுகில் தகடு தகடாகப் போர்த்திக்கொண்டு, செங்கல் நிறத்தில், தலையில் மீசை மாதிரி முடி நீட்டிக்கொண்டு மெத்தனமாக நடப்பவை ஒரு ரகம். கண்ணாடி போல உடம்பு, வயிற்றில் குடித்த பச்சைச் சாறு வெளியே தெரிய, பாசியின் செல்களை வாயில் உள்ள இரண்டு ஊசியால் குத்திக் குத்தி உறிஞ்சுபவை ஒரு ரகம். அகலமான வாயை வைத்துக்கொண்டு, எதிரில் வந்த குட்டிப் பிராணியை முழுசாக விழுங்குகிற ரவுடி ரகம் ஒன்று. அதன் வயிற்றைப் பார்த்தாலே அன்றைக்கு யாரைத் தின்றது என்று சொல்லிவிடலாம். சில ரகங்களில் ஆண் என்று ஒன்றை இதுவரை யாரும் பார்த்ததே கிடையாது. "ஆம்பளை இல்லாமலே வண்டி ஓடுது பாரு" என்று அவள் சொன்னபோது மேடத்துக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

டிப்போவில் ஒரு பழைய நிழற்கூரை. அதன் மேல் இருந்த பாசியிலிருந்துதான் அந்தக் கண்ணாடி உடம்பு ரகத்தில் ஒன்று வந்தது. நகம் ஒரு தினுசாக இருந்தது. வாய்க்குழாய் இன்னொரு தினுசு. ஆய்வுக்கூடத்தில் தாடி வளர்த்த ஆராய்ச்சி மாணவர் ஒருவர் இருந்தார். எல்லாருக்கும் அவர் தாடி, அவளுக்கு மட்டும் தம்பி. பார்த்தவுடன் குதித்துவிட்டார்.

"அக்கா, இது இதுவரைக்கும் யாரும் எழுதாத ரகமா இருக்கலாம். ஆனா நகத்தை மட்டும் வச்சு சொல்ல முடியாது. இந்தக் குடும்பத்துல ஒண்ணுக்கொண்ணு அச்சு அசலா இருக்கும். முட்டையைப் பாத்தாதான் ஆள் யாருன்னு தெரியும்."

முட்டை இல்லை. இருந்தவை விரல் விட்டு எண்ணிவிடக்கூடிய சில நீர்க்கரடிகள், அவ்வளவே. இன்னும் கொஞ்சம் பாசி கொண்டுவரலாம் என்றால், அதற்குள் நிழற்கூரையைச் சுரண்டித் தார் பூசிவிட்டார்கள். அந்தச் சேதியைக் கொண்டுவந்த அன்று அவள் கணவரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, கூரையையே தான் இடித்துவிட்ட மாதிரி. ஆகவே தட்டில் இருந்தவைதான் உலகத்தில் அவர்களுக்குத் தெரிந்த மொத்தக் கூட்டம். அவை முட்டையிடும் வரை உயிரோடு வைத்திருக்க வேண்டும். தாடியின் ஆய்வேட்டில் கடைசி அத்தியாயம் அந்த முட்டைக்காகத்தான் காத்திருந்தது. தட்டைக் கவனிக்கும் பொறுப்பு கண்டக்டரக்காவுடையது.

கண்ணும் கருத்துமாகத்தான் பார்த்துக்கொண்டாள். வினையே அங்கேதான் வந்தது.

தொடர்விடுமுறை ஒன்று வந்தது. கட்டடத்தையே பூட்டிவிடுவார்கள். மேடம் வெளியூரில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். தாடியும் ஊருக்குக் கிளம்பிவிட்டார். வெயில் வேறு கொளுத்திக்கொண்டிருந்தது. தட்டில் தண்ணீர் வற்றிவிட்டால் தடாலென்று காய்ந்து செத்துப்போகுமே என்று அவளுக்குக் கவலை. இழுத்தால் நீளும் மெழுகு நாடா ஒன்று உண்டு, தட்டின் வாயைச் சுற்றி ஒரு சுற்றுச் சுற்றுவார்கள். அவள் மனசு கேட்காமல் சுற்றின மேலேயே சுற்றினாள். வருகிறவரை பசியோடு கிடக்குமே என்று பச்சைப் பாசித்தூளை வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தூவினாள். ஜன்னலோரம் சூடு என்று இருப்பதிலேயே குளிர்ச்சியான இழுப்பறையில், இருட்டில் வைத்து மூடினாள். "பத்திரமா இருங்க, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள்.

செய்தது எல்லாமே பாசத்தில் செய்தது. ஆனால் ஒன்றாகச் சேர்த்துப் பாருங்கள். தின்றது போக மிஞ்சிய தூள் அழுகத் தொடங்கியது. அந்த அழுகல், தண்ணீரில் இருந்த காற்றைத் தின்றது. வெளிச்சம் இல்லாததால் தட்டில் இருந்த பாசித் துணுக்கும் புதுக்காற்றைத் தரவில்லை. வெளிக்காற்று வரவோ வழியே இல்லை.

விடுமுறை முடிந்து வந்த காலை, கைப்பையைக்கூட வைக்காமல் நாடாவைப் பிரித்தாள். குப்பென்று ஒரு வாடை. தட்டைத் தூக்கி மைக்ராஸ்கோப்பில் வைத்தாள்.

பீப்பாயாகச் சுருங்கியிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும். ஒன்றுகூடச் சுருங்கவில்லை. எல்லாம் உப்பி, விறைத்து, எட்டுக் காலையும் நீட்டிக்கொண்டு கிடந்தன. ஊசிமுனையால் பக்கத்துத் தண்ணீரை அசைத்துப் பார்த்தாள். தண்ணீரோடு சேர்ந்து அசைந்து மறுபடி நின்றன. "ஏய், எழுந்திரிங்க. ஸ்டாப்பு வந்துடுச்சு" என்றாள்.

தாடி உள்ளே வந்தபோது அவள் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி, சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டப்பா, மூக்குக்கண்ணாடிக் கூடு, முதுகுக்கு வைக்கிற சின்னத் தலையணை எல்லாம் பைக்குள் போயாகிவிட்டது. இனி எந்த முகத்தோடு இங்கே உட்காருவது என்று அவளே முடிவுகட்டிவிட்டாள். அவர் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"தம்பி, திட்டிடு. வாய்விட்டுத் திட்டிடு. இப்படிச் சும்மா நிக்காத."

"எவ்வளவு தூள் போட்டீங்கக்கா?"

சொன்னாள். நாடாவைச் சொன்னாள், இழுப்பறையைச் சொன்னாள். ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, தான் செய்தது என்னவென்று அவளுக்கே புரிந்துகொண்டு வந்தது. கூட்டம் நெரிகிற பஸ்ஸில் யாராவது மயங்கி விழுந்தால் "ஜன்னலைத் தொறங்க, காத்து விடுங்க" என்று எத்தனை முறை கத்தியிருப்பாள்! அவளே எல்லா ஜன்னலையும் சாத்திவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறாள்.

தாடி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார். பயல் முகம் வெளுத்துத்தான் போயிருந்தது. ஆராய்ச்சி அவருடையது அல்லவா?

"அக்கா, இங்க பாருங்க. நான் ஏன் திட்டணும்? நீங்க கொல்லணும்னா மூடுனீங்க? காப்பாத்தத்தானே மூடுனீங்க."

அவள் வெடித்து அழுதுவிட்டாள். ஆஸ்பத்திரியில்கூட அப்படி அழுததில்லை.

"அழாதீங்க. இன்னும் ஒண்ணு இருக்கு. காத்து கெடைக்கலைன்னாலும் இதுங்க இப்படித்தான் நீட்டிக்கிட்டு வெறச்சுக் கெடக்கும்னு படிச்சிருக்கேன். செத்ததும் இதுவும் பாக்க ஒண்ணு மாதிரியே இருக்கும். மறுபடி காத்து குடுத்தா எழுந்தாலும் எழும். ரொம்ப நேரம் ஆயிருந்தா எழாது."

அதில் ஒரு சிக்கல் இருந்தது. அசையாமல் கிடப்பவற்றை உடனே எடுத்துக் கண்ணாடிச் சில்லில், ஒருவிதப் பசைத்துளியில் பதித்துவிட்டால் நகமும் வாய்க்குழாயுமாவது பளிச்சென்று நிலைத்துவிடும். முட்டை இல்லாவிட்டாலும் அத்தியாயத்தில் பாதியாவது தேறும். ஆனால் அந்தப் பசையில் வைத்தால், ஒட்டிக்கொண்டிருக்கும் உயிரும் போய்விடும். காத்திருந்து பார்ப்போம் என்றால், நிஜமாகவே செத்திருக்கும் பட்சத்தில் உடம்பு அழுகிப்போய் எதற்கும் ஆகாது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். பசைப்புட்டி மேஜையில்தான் இருந்தது. தாடி அதை எடுத்தார், மூடியைத் திருகினார், மறுபடி மூடி அலமாரியில் வைத்துவிட்டு வந்தார்.

"காத்திருப்போம்க்கா."

வரவேற்பறை மீன்தொட்டிக்குக் காற்று விடுகிற மோட்டாரைக் கழற்றிக்கொண்டு வந்தார். ஒரு குடுவை நல்ல தண்ணீரில் அதை ஓடவிட்டு, குமிழ் நன்றாக ஏறிய பிறகு, கண்டக்டரக்கா சொட்டு விடுகிற பிப்பெட்டைப் பிடித்தாள். அழுகல் தண்ணீரைக் கொஞ்சம் எடுப்பதும், புதுத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுவதுமாக இருந்தாள். இடுப்பு விண்விண் என்று தெறித்தது. எழுந்திருக்கவில்லை. தாடி டீ கொண்டுவந்து வைத்தார், ஆறிப்போனது. மத்தியானம் வந்தது, சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. ஒன்றும் அசையவில்லை. இந்தப் பாசியை அந்த மனுஷன் கூரைமேல் ஏறி ஸ்பூனால் எடுத்து வந்தாரே, அவரிடம் என்னவென்று சொல்வது? இதுதான் அவள் மனசில் சுற்றிச் சுற்றி வந்தது. அவர் திட்ட மாட்டார். தொண்டையைக் கனைத்துவிட்டுப் போய்விடுவார். அதை நினைத்தால்தான் இன்னும் பயமாக இருந்தது.

வெயில் ஜன்னலைவிட்டு இறங்குகிற நேரம். கண் எரிந்தது, துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தாள். தட்டின் ஓரத்தில் கிடந்த ஒன்றின் பின்கால் நகம், சொரசொரப்பில் மாட்டியிருந்தது. முன்பு மாட்டியிருந்ததா? இல்லையே. மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். நகம் விட்டது. மறுபடி பிடித்தது.

"தம்பீ!"

அவர் ஓடிவந்த வேகத்தில் ஸ்டூல் உருண்டது. ஒன்று எழுந்தால் மற்றவையும் என்று சும்மா சொல்லிவிட முடியாது. சில எழவே இல்லை. அவற்றைத்தான் பிறகு பசையில் பதித்தார்கள். ஆனால் அன்று இருட்டுவதற்குள் இரண்டாவது ஒன்று தலையை அசைத்தது, மூன்றாவது ஒன்று காலை மடக்கியது. அவள் கைகூப்பினாள். யாரைப் பார்த்து என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. தட்டைப் பார்த்தா, தாடியைப் பார்த்தா, ஆஸ்பத்திரிக் கட்டிலருகே வந்து உட்கார்ந்த மேடத்தை நினைத்தா? எல்லாரையும்தான்.

"தம்பி, நீ நல்லா இருக்கணும்" என்றாள். "எழுந்ததுக்குச் சொல்லல. காலையில எழாதப்பவே ஒண்ணு சொன்னியே, அதுக்கு."

அவர் தாடியைச் சொறிந்துகொண்டு, "என்னக்கா சொன்னேன்?" என்றார். பயலுக்கு நினைவே இல்லை.

வீட்டுக்கு வந்தபோது கணவர் வாசல் விளக்கைப் போட்டுவிட்டு நின்றிருந்தார். நேரமாகிவிட்டதே என்று கவலை. அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"என்னங்க, இப்படி வந்து ஒக்காருங்க."

உட்கார்ந்தார். அவள் நடந்ததையெல்லாம் சொன்னாள். கூரைப் பாசியிலிருந்து வந்த கூட்டத்தை, தான் மூடிவைத்ததை, நீட்டிக் கிடந்ததை, எழுந்ததை, எழாததை. அவர் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"காலையில அந்தத் தம்பி என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுச்சு. அதை நான் உங்ககிட்ட அன்னிக்கே சொல்லியிருக்கணும். வாயில வரல. எனக்குக் கோவம் இருந்துச்சு, அதனால வரல." செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளினாள். "நீங்க என்னைத் தள்ளிவிடணும்னா பிரேக் போட்டீங்க? ஒரு ஆளைக் காப்பாத்தத்தானே போட்டீங்க."

அவர் முழங்கைகளை முட்டியில் ஊன்றிக்கொண்டு, தரையைப் பார்த்தபடியே இருந்தார். தோள் குலுங்கியது. அவள் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, முதுகில் கையை வைத்தாள். அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தொண்டையைக் கனைத்தார்.

"கண்டக்டர்," என்றார், "டீ உண்டா?"

"டிரைவர் கை கழுவுனா உண்டு."

தட்டில் முட்டை வந்தது அதற்கப்புறம் சில வாரம் கழித்து. உருண்டை மேல் வரிசை வரிசையாகக் குட்டி டம்ளர்களைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருந்தது. தாடி பார்த்துவிட்டு, மேடத்தைக் கூப்பிட்டு, மேடம் பார்த்துவிட்டு, இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்த மாதிரி டம்ளர் வேறு எந்த ரகத்திலும் இல்லை என்றார்கள். அத்தியாயம் முடிந்தது. அடுத்த விடுமுறை வந்தபோது தாடி, தட்டுகளையெல்லாம் அவள் மேஜையில் அடுக்கி, "நீங்களே மூடிட்டுக் கெளம்புங்கக்கா" என்று சாவியையும் வைத்துவிட்டுப் போனார். அவள் தூளைக் குறைத்து, நாடாவில் ஊசியால் ஓட்டைகள் போட்டு, வெளிச்சம் விழுகிற இடத்தில் வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

நிறுத்தத்துக்கு வந்து நின்றாள். அவளுடைய பழைய தடத்து பஸ் வந்தது. முன் கண்ணாடிக்குப் பின்னால் யார் இருக்கிறார் என்பது அவளுக்கு முன்பே தெரியும். மறுபடி வண்டி ஓட்டுகிறேன் என்று அவர் கேட்டு, டிப்போவில் சரி என்று சொல்லி, அன்றுதான் முதல் நாள். கையைப் படிக்கட்டுக் கம்பியில் ஊன்றி ஊன்றி ஏறி, டிரைவருக்குப் பின்னால் இருந்த முதல் சீட்டில் உட்கார்ந்தாள். கம்பியை நன்றாகப் பிடித்துக்கொண்டாள்.

பின்னாலிருந்து புதுக் கண்டக்டர் விசில் ஊதினார். வண்டி நகரவில்லை. மறுபடி ஊதினார். அப்போதும் நகரவில்லை. "என்ன டிரைவர், தூங்கிட்டீங்களா?" என்று யாரோ கத்தினார்கள். அவர் திரும்பவில்லை. மேலே இருந்த கண்ணாடி வழியாக, முதல் சீட்டைப் பார்த்துக்கொண்டு, பிரேக்கில் காலை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"ரைட், போலாம்!" என்றாள், பழைய குரலில், பஸ் முழுக்கக் கேட்கும்படி.

வண்டி கிளம்பியது.